துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் மதுரை வாசகருக்கு

கடிதம் எழுதியவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். 1993இல் குவைத் போனவர், இருபது வருடங்களுக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி, அவனியாபுரம் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறார். மகளுக்கு இருபத்து நான்கு வயது, இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் கம்பெனியில் நைட் ஷிப்ட். மகனுக்கு இருபத்தொன்று, டிப்ளமோ முடித்துவிட்டு வெளிநாடு போவதற்காகக் காத்திருக்கிறான். கொஞ்ச நாள் முன்பு இவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். விடிவதற்குள் அந்த சிசிடிவி காட்சி தெருக்காரர்கள் வாட்சப் குரூப்புக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை என்கிறார். "எங்கள் காலத்தில் கதவைத் திறந்து போட்டுப் படுப்போம், இப்போது மதுரை கொலைகாரர்கள் ஊராகிவிட்டது, போலீஸ் கொடுக்கும் கணக்கெல்லாம் பொய், வடக்கத்திப் பையன்கள் வந்து இறங்கியதிலிருந்துதான் எல்லாம்" என்று எழுதிவிட்டு மூன்று கேள்வி கேட்கிறார். துப்பாக்கி லைசென்ஸ் வாங்க என்ன செய்ய வேண்டும், மகளை வேலையை விடச் சொல்லலாமா, வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விடலாமா.

இதற்கு நடுவில், ஏதோ பேச்சுவாக்கில் சொல்வது போல ஒன்று எழுதியிருக்கிறார். ஊரில் பெரியப்பா மகனோடு வண்டிப்பாதைத் தகராறு இருக்கிறது, போன பொங்கலுக்கு அது கைகலப்பு வரை போனது, அன்றிலிருந்து மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் பைக்கில் ஒரு அரிவாளை வைத்துக்கொண்டு போகிறான். "அது கிடக்கட்டும், குடும்ப விஷயம்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். (அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அண்ணே, முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வேண்டாம், கேட்டாலும் கிடைக்காது. மகள் வேலையை விட வேண்டியதில்லை. வீட்டை விற்காதீர்கள். ஆனால் அந்த வண்டிப்பாதை விஷயத்தை மட்டும் இந்த வாரமே கையில் எடுங்கள். கொலை வழக்குகளில் ஆஜராகிப் பழகியவள் என்கிற முறையில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய இடம் அது ஒன்றுதான். சிசிடிவி காட்சி என்னை அந்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

நீங்கள் விமானம் ஏறியது 1993இல். அதற்கு முந்தைய வருடம், 1992இல், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 40,105. லட்சம் பேருக்கு 4.6. முப்பது வருடம் கழித்து, 2022இல், 28,522. லட்சம் பேருக்கு 2.1. இடையில் மக்கள்தொகை ஐம்பது கோடிக்கு மேல் கூடியும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, விகிதம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் 1,690, லட்சம் பேருக்கு 2.2. 2023இல் நாட்டின் மொத்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் குறைந்து 27,721. ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும், அதை விடுங்கள், முப்பது வருடப் போக்கு இறங்குமுகம்தான்.

நம் பக்கத்துக் கதைக்கே வருவோம். நீங்கள் குவைத்தில் இருந்த 1997 ஏப்ரலில், இப்போது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லாபுரத்தில், மாநகராட்சிக் கவுன்சிலர் லீலாவதியை வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்தது தண்ணீருக்காகப் போராடியது. அதே வருடம் ஜூன் மாதக் கடைசியில் மேலூர் பக்கம் மேலவளவில், பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட வந்தவர்களையும் பஸ்ஸை நிறுத்திப் பட்டப்பகலில் வெட்டினார்கள். ஒரு தலித் தலைவராக உட்கார்ந்ததுதான் காரணம். அந்தப் பத்து வருடத்தில் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களை வயதான வக்கீல்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சிசிடிவி கிடையாது, வாட்சப் கிடையாது, வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களில் நல்லது பொல்லாதுதான் எழுதியிருப்பார்களே தவிர இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லும் அமைதியான காலத்தில் உங்களுக்கு இருபது சொச்சம் வயது, பயப்படுவதற்கு ஒரு மகளும் இல்லை. அதுவும் ஒரு காரணம் அண்ணே.

அந்தக் கணக்கிலேயே வராத கொலைகளும் உண்டு. 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பக்கம் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொல்வது பத்திரிகைகளில் வெளிவந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 2001இல் அதை மதுரைக்கும் கொண்டுவந்தார்கள். கள்ளிப்பாலில் முடிந்த அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு கொலை வழக்கு பதிவானது? கதவைத் திறந்து போட்டுப் படுத்த வீடுகள்தான் அவையும்.

போலீஸ் கணக்கு பொய்யா?

இதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். புகார் எழுதிக் கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எஃப்ஐஆர் போடாமல், புகாரை வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்புவது இங்கே தினப்படி நடப்பது. செயின் பறிப்பைத் 'தவறி விழுந்தது' என்று எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. அதனால் திருட்டு, வழிப்பறி, அடிதடி, பெண்கள் மேல் நடக்கும் குற்றங்கள் இவற்றில் எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்றும், குறைந்தால் குற்றம் குறைந்தது என்றும் உடனே முடிவு கட்டக்கூடாது. போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகு குழந்தைகள் மேலான பாலியல் குற்றப் பதிவு வருடா வருடம் ஏறியது. முன்பு வீட்டுக்குள்ளேயே அமுக்கியது இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறது என்பது அதில் பெரிய பங்கு.

கொலை அப்படியல்ல. பிணம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. மறைப்பது கஷ்டம். உலகம் முழுக்க வன்முறை கூடியதா குறைந்ததா என்று பார்க்கிறவர்கள் முதலில் கொலைக் கணக்கை எடுப்பது இதனால்தான். அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சாதி மாறிக் காதலித்த பெண் 'வயிற்று வலி தாங்காமல்' தூக்கில் தொங்கியதாக வரும் செய்திகளில் எத்தனை உண்மையிலேயே வயிற்று வலி என்று நம் கோர்ட் வராண்டாவில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இன்னொரு விஷயம், 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முன்பு ஊரில் வெட்டுப்பட்டவர் மாட்டு வண்டியிலோ வாடகைக் காரிலோ பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். இப்போது பிழைத்துக்கொள்கிறார். அப்போது வழக்கு கொலை என்று பதிவாகாது, கொலை முயற்சி என்று பதிவாகும். ஆகவே கொலை விகிதம் பாதியாகிவிட்டதால் வெட்டும் பாதியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கழிவையெல்லாம் போட்டுப் பார்த்தாலும் 'மதுரை முன்னைவிடக் கெட்டுவிட்டது' என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏன் குறைந்தது?

உங்கள் மகள் ராத்திரியெல்லாம் பில் போடுகிற அந்த அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் அங்கே லட்சம் பேருக்கு 758 வன்முறைக் குற்றங்கள். 2022இல் 380 சொச்சம். நியூயார்க் நகரத்தில் மட்டும் 1990இல் 2,200 கொலைக்கு மேல் நடந்தது, 2017இல் அது 300க்குக் கீழே வந்தது. 2020இல், கொரோனா வருடத்தில், நாடு முழுக்கக் கொலை ஒரேயடியாகக் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஏறியது, அப்புறம் மறுபடி இறங்கிவிட்டது. ஏன் குறைந்தது என்று அங்கே முப்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போலீஸைக் கூட்டியதால் என்கிறார் ஒருவர், லட்சக்கணக்கில் ஜெயிலில் அடைத்ததால் என்கிறார் ஒருவர், கிராக் என்கிற போதை மருந்து வியாபாரம் அடங்கியதால் என்கிறார் இன்னொருவர். கருக்கலைப்பு சட்டமானதால் வேண்டாத பிள்ளைகள் பிறப்பது குறைந்தது, அதுதான் காரணம் என்று 2001இல் இரண்டு பேராசிரியர்கள் எழுதி அதற்கு ஒரு பெரிய கூச்சல். பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்ததால் குழந்தைகளின் மூளை பிழைத்தது என்று ஒரு வாதம், கேட்கும்போது சிரிப்பாக இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் நிஜமான ஆய்வுகள் இருக்கின்றன. நம் ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000இல், கொலை விகிதம் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது.

நம்மிடம் என்ன நடந்தது என்பதற்கு என் ஊகங்களைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தூக்குவது பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் இருக்கும் ஆண்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் கீழே போய்விட்டது, அதாவது அந்த வயதுப் பையன்களின் பங்கே சுருங்கிக்கொண்டு வருகிறது. இருக்கிற பையன்களும் திருப்பூர், சென்னை, துபாய் என்று கிளம்பிவிடுகிறார்கள். உங்களைப் போல. வரப்புத் தகராறு இருக்கிறது, ஆனால் வெட்டிக்கொள்ளும் வயதில் வரப்பில் ஆள் இல்லை. இன்னொன்று, செல்போன் டவரும் கேமராவும் வந்த பிறகு செய்துவிட்டுத் தப்புவது கடினமாகிவிட்டது. தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதுதான் ஆளை யோசிக்க வைக்கும். கோர்ட்டில் நான் பார்த்ததும் அதுதான். இதற்கு எதிராக இழுக்கிற விஷயமும் இருக்கிறது. டாஸ்மாக் கடை வாசலில் தொடங்கி ஸ்டேஷனில் முடிகிற வழக்குகளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

வடக்கிலிருந்து வந்த பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் வரத்து கூடியது இந்த இருபது வருடத்தில்தான், கொலை விகிதம் குறைந்ததும் இதே காலத்தில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் இதற்கு நேர் எதிராக ஒரு வதந்தி ஓடியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அங்கே பரவி, அங்கிருக்கும் அப்பாக்கள் உங்களைப் போலவே தூக்கம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார்கள். அந்த வழக்கில் கைதான ஒருவர் நம் மதுரை மத்தியச் சிறையில்தான் இருந்தார்.

அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

கணக்கை இப்படிப் பாருங்கள். மதுரை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி முப்பது லட்சம் சொச்சம் பேர். மாநிலச் சராசரிதான் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு அறுபது, எழுபது கொலை வரும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல். மாநிலம் முழுக்க என்றால் தினம் நாலைந்து. நாட்டில் கொலை விகிதம் இவ்வளவு குறைந்த பிறகும் டிவிக்குத் தினமும் போட நாலைந்து இருக்கிறது. முன்பு மேலூரில் நடந்த வெட்டு மறுநாள் பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி, படித்துவிட்டு வடை மடிக்கக் கொடுத்துவிடுவோம். இப்போது அதே சம்பவம் காலையில் பேப்பரில், மதியம் டிவியில், சாயங்காலம் வாட்சப்பில், ராத்திரி ரீல்ஸில் பின்னணி இசையோடு. மனசு இதை நாலு கொலையாக எண்ணிக்கொள்கிறது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் குற்றம் இறங்கிக்கொண்டே இருந்த வருடங்களிலும் கருத்துக்கணிப்பில் பெரும்பாலானோர் 'போன வருடத்தைவிடக் கூடிவிட்டது' என்றுதான் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறார்கள்.

பயம் தன்னளவில் தப்பில்லை, ஆனால் பயம் ஆளைக் கொல்லவும் செய்யும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்சப்பில் ஓடிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயில் தேடிப் போன ஒரு வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் யாரும் ரவுடிகள் இல்லை, பயந்த அப்பா அம்மாக்கள்தான். அந்த சிசிடிவி வீடியோ உங்கள் போனில் இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். வெட்டுப்பட்ட பையனுக்கும் வீட்டில் தங்கச்சி இருக்கலாம், அவளும் ஏதோ ஒரு குரூப்பில் இருப்பாள்.

துப்பாக்கி

நகரத்துக்குள் இருப்பதால் விண்ணப்பம் போலீஸ் கமிஷனரிடம் போகும். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. 'பயமாக இருக்கிறது' என்பது காரணம் ஆகாது. உங்கள் உயிருக்குக் குறிப்பாக மிரட்டல் இருந்தது, அதற்குப் புகார் இருக்கிறது என்று காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும், பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். ஒருவேளை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தேர்தல் வந்தால் பெரும்பாலும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அது போகட்டும். வீட்டில் கோபக்கார இருபத்தொரு வயதுப் பையன் இருக்கும்போது பீரோவில் துப்பாக்கி வைக்கச் சொல்லி எந்த வக்கீலும் யோசனை சொல்ல மாட்டார்.

தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு. பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் 37ஆவது பிரிவு இரண்டு கடிவாளம் போடுகிறது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் காயப்படுத்தவும் உரிமை கிடையாது. 'அவன் கையை ஓங்கினான், நான் வெட்டினேன்' என்பது தற்காப்பு ஆகாது.

மகள்

மேஜர் ஆன பெண். வேலையை விடு என்று சட்டப்படி நீங்கள் நிர்பந்திக்க முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பேசுவதானால் சரியான இடத்தைப் பற்றிப் பேசுங்கள். 2022இல் தமிழ்நாட்டில் கொலையானவர்களைவிடச் சாலை விபத்தில் செத்தவர்கள் பத்து மடங்கு, 17,884 பேர். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கூட்டியில் வருகிறாளா, கம்பெனி வண்டியில் வருகிறாளா? உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கும் நிறுவனம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் செய்து தர வேண்டும். கேப் கொடுக்காவிட்டால் கேட்கச் சொல்லுங்கள், அது சலுகையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் யார் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். போனில் காவல் உதவி ஆப், அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நைட் ஷிப்டுக்குப் பதிலாகச் சீக்கிரம் கல்யாணம் செய்து வைத்துவிட்டால் பத்திரம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்தை அவள் விருப்பத்துக்குச் செய்யுங்கள், பாதுகாப்புக்காகச் செய்யாதீர்கள்.

வீட்டை விற்பதைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. பயத்தில் விற்றால் பாதி விலை, கோயம்புத்தூரில் வாங்கப் போனால் இரட்டை விலை, வாட்சப் குரூப் அங்கேயும் இருக்கிறது.

அந்த வண்டிப்பாதை

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2022இல் நாட்டில் நடந்த 28,522 கொலைகளில் 9,962க்குக் காரணம் தகராறு. அடுத்து 3,761க்குப் பழைய பகை. பணத்துக்காக, ஆதாயத்துக்காக நடந்தவை 1,884தான். பேப்பரில் 'முன்விரோதம் காரணமாக' என்று வருகிறதே, அந்த முன்விரோதத்தின் கட்டைப் பிரித்து கோர்ட்டில் பார்த்தால் உள்ளே இருப்பது வரப்பு, கிணற்றுப் பங்கு, கோயில் முதல் மரியாதை, கொடுத்த கடன், வண்டிப்பாதை. கொன்றவரும் செத்தவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள், பல சமயம் ஒரே தாத்தாவின் பேரன்கள். உங்கள் தெருவில் முகம் தெரியாத எவனோ வந்து உங்களை வெட்டுவான் என்று பயப்படுகிறீர்கள், பைக்கில் அரிவாளோடு உங்கள் மகன் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

பையனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். திடீர்ச் சண்டையில், முன் யோசனை இல்லாமல், ஆத்திரத்தில் ஒரு உயிர் போய்விட்டால் அதைக் கொலையாகக் கருதாமல் குறைந்த தண்டனைக்குரிய மரணமாக வாதாட சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அதே நியாய சன்ஹிதாவில் 101ஆவது பிரிவின் நான்காவது விதிவிலக்கு. ஆயுதத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனவனுக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைந்துவிடும். அப்புறம் 103தான், ஆயுள் அல்லது தூக்கு. கூட நின்ற நண்பனும், ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லும் 3(5)இல் சேர்ந்து உள்ளே போவான். யாரும் சாகாமல் கையில் ஒரு வெட்டோடு முடிந்தால்கூட ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கு 118(1), கொலை மிரட்டலுக்கு 351(3) என்று ஒரு எஃப்ஐஆர் விழும், தினம் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, வருடக்கணக்கில் வாய்தா. வெளிநாடு போக பிசிசி, அதாவது வழக்கு எதுவும் இல்லை என்கிற போலீஸ் சான்றிதழ், எப்படிக் கிடைக்கும்? குவைத் போய் வந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பாதை யாருடைய பட்டாவில் போகிறது, நத்தமா, புறம்போக்கா என்று முதலில் தெரிந்தாக வேண்டும், கடிதத்தில் அது இல்லை. இ-சேவை மையத்திலோ தாலுகா ஆபீஸிலோ அளவீட்டுக்குப் பணம் கட்டுங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகல் வாங்குங்கள். பாதை அவர் பட்டாவிலேயே போனாலும், உங்கள் குடும்பம் இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அதில் வண்டி ஓட்டியிருந்தால் 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி பாதையுரிமை கேட்கலாம். திருமங்கலம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கலாம். வருடக்கணக்கில் இழுக்குமே என்பீர்கள், இழுக்கத்தான் செய்யும். அதனால் அதற்கு முன்னாலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு எழுதிவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்தாக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி கைகலப்புதான். கட்டப்பஞ்சாயத்து செய்கிறவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.

பெரியப்பா மகன் மிரட்டியிருந்தால் அந்த ஊர் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், போலீஸ் பெரும்பாலும் இரண்டு தரப்பையும் ஆர்டிஓவிடம் அனுப்பி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, அதன்படி ஒரு வருடத்துக்குச் சண்டை போட மாட்டோம் என்று எழுதி வாங்கப் பார்க்கும். 'நான் என்ன தப்புச் செய்தேன்' என்று அதில் கௌரவம் பார்க்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் காகிதம் அவர் கையையும் சேர்த்துத்தான் கட்டுகிறது.

அரிவாள் தோட்டத்து வேலைக்கு என்றால் தோட்டத்தில் இருக்கட்டும், பைக்கில் வேண்டாம். சர்வேயர் அளக்க வரும் அன்று நீங்களும் உங்கள் மனைவியும் போங்கள், பையனை மதுரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.